மூன்றரை டன்னுக்கு மேல் ஒரு கிராம் கூடாது

மூவாயிரத்து ஐந்நூறு கிலோ. அதற்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும் பயணம் ரத்து. கேரவன் வாங்கிய அன்றே தோர்பன் இப்படியொரு தீர்மானம் போட்டு, கொட்டை எழுத்தில் அச்சடித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் விட்டான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவனுடைய லைசன்ஸ் மூன்றரை டன் வண்டி வரைக்கும்தான் செல்லும். படுக்கை, அடுப்பு, கழிவறை என்று எல்லாம் வைத்த அந்த வண்டியோ, சும்மா நிற்கும்போதே மூவாயிரம் கிலோ. மிச்சமுள்ள ஐந்நூறில் தண்ணீர், எரிவாயு, மனைவி வீப்கே, வீப்கேயின் சாமான்கள் எல்லாம் அடங்கியாக வேண்டும். தன் எடையை மட்டும் பட்டியலில் கொஞ்சம் இளைத்தே எழுதியிருந்தான்.

தங்கள் ஊரான ஹூசுமிலிருந்து டென்மார்க் கடற்கரைக்கு ஒன்பது நாள், முதல் பயணம். உயரமான இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே வரும் கேரவன்காரர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓட்டிப் போவதாக மூன்று குளிர்காலமாகக் கனவு கண்டவன் அவன். வீப்கேவுக்கும் அதே கனவு உண்டு. விவசாயி வீட்டுப் பெண். இளம் வயதில் அப்பாவின் தானிய லாரியையே ஓட்டியவள். இருந்தும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகச் சாவி தோர்பன் பையில்தான். அவள் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து வருவது சரிப்படாது என்பான். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

ஒரு வாரம் மூட்டை கட்டும் படலம் நடந்தது. சமையலறைத் தராசைத் தாண்டாமல் எதுவும் வண்டிக்குள் போகவில்லை.

"இந்த இரும்பு வாணலி மூணு கிலோ இருநூறு. வேண்டாம்," என்றான்.

"அப்ப உருளைக்கிழங்கை எதுல வறுக்கறது?"

"அவிச்சுத் தின்னலாம்."

"உன் கருவிப்பெட்டி எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு. அது அவசியம்."

"இந்த ரெண்டு பெட்டி பீரு?"

"அது போகப் போகக் குறைஞ்சுடும்."

"பாட்டில்ல குறையும். உன் வயித்துக்குள்ள உக்காந்துக்கிட்டு அதுவும் வண்டியிலதான வரும்?"

விஞ்ஞானம் தெரியாதவர்களோடு தோர்பன் வாதம் செய்வதில்லை. வாணலி அலமாரிக்குத் திரும்பியது. பின்னாலேயே அவளுடைய சைக்கிள், ரப்பர் பூட்ஸ், நாலு தடித்த நாவல்கள் எல்லாம் வெளியே போயின. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினால் ஐந்து கிராம் மிச்சமாகுமே என்றுகூட யோசனை சொன்னான். எல்லாவற்றுக்கும் வீப்கே சரி என்றாள். அவள் இப்படி வரிசையாகச் சரி சொன்னால் உஷாராக வேண்டும் என்று பத்தொன்பது வருடம் குப்பை கொட்டிய புருஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

சனிக்கிழமை காலை புறப்பாடு. போகிற வழியில், நாலு கிலோமீட்டரில், தானியக் கிடங்கின் எடைமேடையில் வண்டியை ஏற்றி ஒருதரம் நிறுத்துப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு.

"எடைமேடை வரைக்கும் நான் ஓட்டறேனே. அப்புறம் நீ ஓட்டு," என்றாள் வீப்கே.

தோர்பன் யோசித்தான். எடையைப் பார்க்க ஒருவர் கீழே நிற்க வேண்டும். அந்தப் பெரிய பொறுப்புக்குத் தன்னை விட்டால் ஆள் ஏது? பெருந்தன்மையோடு சாவியை நீட்டினான். நாலு கிலோமீட்டரும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான்.

எடைமேடைக்காரர் ஹின்ரிக்ஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது." கீழே நின்றவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களைச் சேர்க்காம," என்றார்.

தோர்பனின் முகம் மலர்ந்தது. தான் சொன்னது பலித்துவிட்டால் தன் பயணமே கெட்டாலும் சந்தோஷப்படுகிற ஜாதி அவன். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். சைக்கிள், பூட்ஸ், நாவல்கள், வாணலி. போதாததற்கு அவன் பட்டியலிலேயே இல்லாத தையல் மிஷின் ஒன்று.

"இதையெல்லாம் எப்ப ஏத்துன?"

"காலையில நீ ரொட்டி வாங்கப் போனப்ப."

"எல்லாத்தையும் இறக்கு."

"எதுக்கு?" வீப்கே வண்டியின் பதிவுத்தாளை எடுத்து நீட்டினாள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது கிலோ என்றிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவன் ஆபீஸில் இருந்தபோது, வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டு, சோதனைக்குக் காட்டி, தாளையும் மாற்றி வாங்கியிருந்தாள். வண்டி அவள் பெயரில்தான் இருந்தது. அவள் பெயரில் காப்பீட்டுச் சலுகை அதிகம் என்று அப்படிப் பதிய வைத்த புத்திசாலியும் தோர்பன்தான்.

அவனுக்கு உண்மையிலேயே பெருமை பொங்கியது. ஒரு வாரத்துக் கவலை ஒரு தாளில் தீர்ந்தது. "கெட்டிக்காரி. இன்னும் ஒரு பெட்டி பீர் எடுத்திருக்கலாம். சரி, தள்ளி உக்காரு, நான் ஓட்டறேன்."

வீப்கே நகரவில்லை.

"நீங்க எந்த வருஷம் லைசன்ஸ் எடுத்தீங்க?" என்று ஹின்ரிக்ஸ் மெதுவாகக் கேட்டார்.

தோர்பன் தன் செருப்பைப் பார்த்தான். பதில் வண்டிக்குள்ளிருந்து வந்தது. "ரெண்டு பேரும் ஒரே டிரைவிங் பள்ளியில, ஒரே நாள்ல சேர்ந்தோம். நான் தொண்ணூத்தெட்டு அக்டோபர்ல பாஸாயிட்டேன். இவன் ரெண்டு தடவை ஃபெயிலாகி, அடுத்த பிப்ரவரியிலதான் எடுத்தான்."

"அடப் பாவமே," என்றார் ஹின்ரிக்ஸ். அந்த இடைவெளியில், புத்தாண்டு அன்று, சட்டம் மாறியது ஊரறிந்த விஷயம். முன்னால் எடுத்தவர்கள் ஏழரை டன் வரை ஓட்டலாம். பின்னால் எடுத்தவர்களுக்கு மூன்றரையோடு சரி. அதுவும் தாளில் இருக்கும் எடைதான் கணக்கு. சைக்கிள், பூட்ஸ், பீர் எல்லாவற்றையும் இறக்கி வைத்தாலும் இனி அந்த வண்டியைத் தோர்பன் ஒரு அடி நகர்த்த முடியாது.

சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். மூன்று குளிர்காலத்துக் கனவு போன துக்கத்தில் சீட் பெல்ட்டை இரண்டு தரம் தப்பாகச் சொருகினான். வீப்கே ஒரே வளைப்பில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்து, வடக்கே விரட்டினாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கோபப்படக்கூட முடியவில்லை.

"அப்ப இந்தப் பயணத்துல நான் எதுக்கு வரேன்?" என்று கடைசியில் கேட்டான்.

வீப்கே கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்கு ஒருதடவை கழிவறைத் தொட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போய்க் கொட்டணும், தோர்பன். அதுக்கு யாரும் லைசன்ஸ் கேக்க மாட்டாங்க."