சாக்கெட் அண்ணன் சேர்த்துக் கொடுத்த எடிட்டிங் பெட்டி

கடைக்காரர்கள் எல்லோரும் நம்மிடம் எதையாவது விற்கப் பார்ப்பார்கள். வடபழனியில் ஒரே ஒருவர் மட்டும் விற்காமல் தப்பிக்க என்ன வழி என்று பார்ப்பார். அவர் பெயர் சாக்கெட். வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதாவது இருக்கும். பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒரு தையற்கடையின் மாடியில் இருந்த அவர் கடையில் பெயர்ப் பலகையே கிடையாது. கம்ப்யூட்டர் என்று யார் வாயைத் திறந்தாலும் "சாக்கெட் இன்னா?" என்பார். மதர்போர்டில் பிராசஸர் உட்காருகிற இடத்துக்குத்தான் சாக்கெட் என்று பெயர். கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

நான் மயிலாப்பூரில் வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். கேமரா புதிது, கம்ப்யூட்டர் பழசு. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், திரை அப்படியே நின்றுவிடும். நான் உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தால் முதல் முடிச்சு விழுந்திருக்கும்.

இப்படி நின்றுபோன கல்யாணங்களில் ஒன்று ஊரூர் ஒல்காட் குப்பத்து ஏழுமலையின் மகளுடையது. படகு வைத்திருப்பவர், குரல் உயர்த்தாதவர். ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் வந்து நின்றார்.

"சார், பொண்ணுக்கு ஏழாம் மாசம். வர்ற ஞாயித்துக்கெழம வளகாப்பு. மாப்ள கப்பல் வேலைக்குப் போய்கீறாரு, வர மாட்டாரு. வீடியோவுலயாவது அவரப் பாக்கணும்னு அது ஆசப்படுது. முடியலன்னா பரவால்ல சார். பொறக்கப்போற புள்ள கல்யாணத்தையும் சேத்து ஒண்ணா குட்த்துடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். நிதானமாகச் சொன்னதால் அன்றைக்கே புதுக் கம்ப்யூட்டர் சேர்க்கக் கிளம்பிவிட்டேன். பிராசஸர் ஒரு கடையில், மதர்போர்டு இன்னொரு கடையில், கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது கடையில். ஒவ்வொன்றும் அந்தந்தக் கடையில் நல்லதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பிராசஸர் போர்டில் உட்காரவில்லை. கிராபிக்ஸ் கார்டு, காய்கறிப் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காய் மாதிரி பெட்டியை விட்டு வெளியே நின்றது.

மறுநாள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு சாக்கெட்டிடம் போனேன். அங்கே எனக்கு முன்னால் அடையாறிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். சாக்கெட் அவரை ஒரு பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, பத்து நிமிஷம் எடிட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார்.

"சார், மிசினு உனுக்காக வெய்ட் பண்ணினு கீது. நீ எத்த வெட்றதுன்னு யோசிச்சினே கீற. இப்போ கீற மிசினே போதும். ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்கோ, முதுகு வளஞ்சினு கீது."

அடையாறுக்காரர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். சாக்கெட் என் பையைத் திறந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கீழே தையற்கடையிலிருந்து டேப்பை வாங்கி வந்து, கிராபிக்ஸ் கார்டைச் சட்டைக்கு அளவெடுப்பதுபோல நீளம், அகலம், தடிமன் எல்லாம் எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

"கேமரா எங்க?" என்றார்.

"கேமரா எதுக்கு அண்ணே? கம்ப்யூட்டர்தானே வேணும்."

"ஒவ்வொரு கேமராவும் படத்த ஒவ்வொரு மாதிரி சுருட்டி வைக்குது நைனா. எப்பிடி சுருட்டினு கீதுன்னு தெரியாம, அத்த விரிக்கிற பிராசஸர எப்பிடி எடுக்கிறது? நீ வாங்கினு வந்தது பெருசுதான். உன் கேமரா சுருட்டினத விரிக்க அதுக்குத் தெரியாது."

அந்த நிமிஷம் வரை பெரிய எண் போட்ட பிராசஸர்தான் நல்ல பிராசஸர் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். என் கேமராவில் எடுத்த பத்து நிமிஷப் படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். முக்காலியில் ஏறிப் பிளக் பாயிண்டை ஆராய்ந்தார். பெட்டி வைக்க நான் காட்டிய மர அலமாரிக்குள் தலையை விட்டு, சற்று நேரம் அப்படியே நின்றார்.

"என்ன பண்றீங்க?" என்று என் மனைவி கல்பனா பயந்துபோய்க் கேட்டாள்.

"காத்து வருதான்னு பாக்கறேன்மா. எனுக்கே மூச்சு முட்டுது. இதுக்கு எப்பிடி இருக்கும்?"

அலமாரிக்குப் பக்கத்தில்தான் சாமி படங்கள். தினம் எத்தனை ஊதுபத்தி, சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும்தானா, புகை எந்தப் பக்கம் போகும் என்று அவளிடம் விசாரித்தார். அவளும் சளைக்காமல் சொன்னாள். கடைசியில் பெட்டி ஜன்னலோரத்துக்கு இடம் மாறியது. அதே வேகத்தில் சாம்பாரில் என்ன பருப்பு போட்டிருக்கிறது என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை பெட்டி தயார். என் கேமராவுக்கு ஏற்ற பிராசஸர், அதற்கு ஏற்ற போர்டு, கார்டு நுழைகிற பெட்டி, அத்தனைக்கும் போதுமான பவர் சப்ளை. படம் தண்ணீர் மாதிரி ஓடியது. மாப்பிள்ளை தாலியை எடுத்த மூச்சிலேயே கட்டினார். நான் காபிக்குப் போகவே இல்லை.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் போன பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மெமரிக்கான இடங்களில் இரண்டு காலியாக இருந்தன. பழைய கம்ப்யூட்டரில் ஒரு மெமரி துண்டு வீணாகக் கிடந்தது. எடுத்துச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை எடிட்டிங்கை முடித்து, முழுப் படத்தையும் ஒரே வீடியோவாக வெளியே எடுக்கப் போட்டேன். பாதியில் திரை இருண்டது. மறுபடி போட்டேன், முக்காலில் இருண்டது. மூன்றாவது முறை நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைப்பதற்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள். சாக்கெட்டைக் கூப்பிட்டேன்.

வந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, நான்கு முறை அது நிற்பதை வேடிக்கை பார்த்தார்.

"ஒரே எடத்துல நின்னா படத்துல கோளாறு. இது எடம் மாத்தி மாத்தி நிக்குது. அப்போ மிசின்லதான் கோளாறு. யாருன்னா உள்ள கை வச்சீங்களா?"

"இல்லையே அண்ணே" என்றேன்.

கல்பனா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "நேத்து நீங்க போனதும் ஸ்குரூ டிரைவரோட உக்காந்திருந்தது யாரு?"

பெட்டியைத் திறந்தார். என் மெமரி துண்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டார்.

"நெசமாவே கேக்கறேன், எதுக்குப் போட்ட?"

"எடம் காலியா இருந்துச்சு. பழசு சும்மா கெடந்துச்சு. போட்டா இன்னும் வேகமா ஓடும்னு..."

"அது வேகம் வேற, இது வேகம் வேற. ஒண்ணு ஓடுது, ஒண்ணு நடக்குது. ரெண்டையும் கையப் புடிச்சினு போவச் சொன்னா விழும்." பிறகு நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'எடம் காலியா இருந்தா மனுசன் எதையாவது போடுவான். அடுத்த தபா எல்லா எடத்தையும் நாமளே ரொப்பிக் குடுக்கணும்.'

சனிக்கிழமை மதியம் படம் ஒரே மூச்சில் முடிந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துச் சந்தில் பந்தல் போட்டு, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளிச்சம் படாமல் இருக்க ஏழுமலை படகுத் தார்ப்பாயை மேலே இழுத்து மூடினார். பெட்டி ஒழுங்காக வேலை செய்ததா என்று விசாரிக்க வந்த சாக்கெட்டை அவர் விடாமல் பிடித்து, முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். எத்தனையோ பேருக்கு எடிட்டிங் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்த மனிதர், அதில் முடிந்து வந்த ஒரு படத்தை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம்.

திரையில் மாப்பிள்ளை, கூட்டத்தில் யாரோ சொன்னதற்குச் சிரித்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். கை நிறைய வளையலோடு அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். தாலி கட்டும்போது அழவில்லை, இதற்கு அழுதாள். சாக்கெட் என் பக்கம் சாய்ந்தார்.

"இந்த எடத்துல எதுக்கு நைனா அழுவுது?"

"அந்தத் துண்டு அண்ணே. அவரு தெனமும் அப்பிடித்தான் துவட்டுவாராம். அத வெட்டிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டா."

அவர் நோட்டை எடுக்கவில்லை. படம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

இப்போதெல்லாம் எந்தப் படத்தை முடித்தாலும், வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் வடபழனிக்குப் போய் அவருக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன். பார்த்துவிட்டு "இந்த எடத்துல எதுக்கு நைனா?" என்று ஒன்றுமே கேட்காமல் அவர் எழுந்து போய்விட்டால், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை.