பட்டுச்சேலையும் வளைத்த ஸ்பேனரும்

பெருமதிப்பிற்குரிய ஐயா செல்வமுருகன் அவர்களுக்கு,

பெருமாள்மலை ஒர்க்‌ஷாப் மயில்சாமி வணங்கி எழுதுவது. இங்கே நானும் மனைவி கண்மணியும் மகள் ஷர்மிளாவும் குளிரோடு நலம். பாலசமுத்திரத்தில் தாங்கள் அனைவரும் நலமாயிருக்கப் பழனியாண்டவர் துணை. போனில் பேசினால் எனக்கு நாக்கு புரளாது என்பதால் எழுதுகிறேன்.

தாங்களும் துணைவியார் சின்னத்தாயி அம்மாவும் தங்கள் மகன் ராஜேஷ்குமார் தம்பியும் பெண் பார்த்துப் போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். பெண் வீட்டோடு இருக்கிறாள், தையல் தைக்கிறாள் என்று தரகரிடம் சொன்னது நான்தான். ஒர்க்‌ஷாப்பும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் அதில் பாதி உண்மை. அன்று வெள்ளனே எழுந்து, அவள் கையில் இருந்த கிரீஸ் கறையைக் கண்மணி சோப்புத்தூளும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்ததில் பாதித் தோலே போய்விட்டது. "இன்னைக்கு ஒரு வண்டியவும் பாக்கக் கூடாதுத்தா" என்று நானும் சொல்லி வைத்திருந்தேன். பட்டுச்சேலையில் தலை குனிந்துதான் காபி கொண்டுவந்தாள். கேசரி நன்றாக இருக்கிறது என்றீர்கள். விடைபெற்றுக் காரில் ஏறிச் சாவியைத் திருகினால், டிக் என்ற சத்தத்தோடு சரி. முன்னால் சுவர், பின்னால் பள்ளம், தள்ளவும் வழியில்லை.

நானே பார்க்கிறேன் என்று பானட்டைத் திறந்தேன். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த ஒயரின் நட்டு லூசு. அது இருப்பதோ இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சந்தில். வாழைத்தண்டு மாதிரியான என் கை அதில் எங்கே போகும்? துழாவியதில் நட்டு கழன்று உள்ளே விழுந்தது, கையும் மாட்டிக்கொண்டது. "ஐயோ, அண்ணன் கை!" என்று சின்னத்தாயி அம்மா அலறினார்கள். அப்போதுதான் வாசலிலிருந்து ஷர்மிளாவின் குரல் வந்தது: "அப்பா, அசையாதீங்க. மொத பேட்டரி ஒயரக் கழட்டணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள் ஐயா. பேட்டரி ஒயரைக் கழற்றினாள். தேங்காய் எண்ணெய் விட்டு என் கையை உருவினாள். பழைய டிவி ஆன்டெனாக் குழாயின் நுனியில் காந்தத் துண்டை ஒட்டி அவளே செய்து வைத்திருந்ததை உள்ளே நீட்டி நட்டை எடுத்தாள். அடுத்து அந்த ஸ்பேனர். நல்ல ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, பழுக்கக் காய்ச்சி, பாம்பு மாதிரி வளைத்து, சாம்பார்க் கரண்டியின் காம்பை வெல்டிங் வைத்தது. அந்தக் கரண்டியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த கண்மணி அங்கேயே அடையாளம் கண்டு, "அடியே, எங்கரண்டி!" என்று கத்தியது தங்களுக்கும் கேட்டிருக்கும். அதை வைத்து நட்டை முடுக்கி, பேட்டரி ஒயரையும் மாட்டினாள். வண்டி ஒரே திருகில் கிளம்பியது. தாங்கள் அவளையும் கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வர்றோங்க" என்று மட்டும் சொல்லி மலை இறங்கிவிட்டீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஷர்மிளா ஒரு ஸ்பேனரையும் தொடமாட்டாள், அவள் செய்த சாமான்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யாக இருக்கக் கூடாதே என்று நிஜமாகவே அள்ளப் போனேன். புதிதாகச் செய்த எல்லாவற்றின் பிடியிலும் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. எடுத்துப் பார்த்தால் பிடி அவள் கைக்கு இல்லை, என் கைக்குப் பொருந்துகிற பருமன். "என்னத்தா இது?" என்றேன். "பனியில இரும்பப் பிடிச்சா வெரலு மரத்துப் போகுதுன்னு தெனமும் சொல்வீங்கல்லப்பா. நான் போயிட்டா யாரு பாப்பா?" என்றாள்.

பூட்டவில்லை ஐயா. தாங்கள் கோபித்தாலும் சரி, என்னால் முடியவில்லை. இவளை இப்படியே ஏற்றுக்கொள்ள மனமிருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை, மலைக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

தங்கள் குடும்பம் தழைக்கட்டும். சின்னத்தாயி அம்மாவுக்கு வணக்கம், தம்பிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மயில்சாமி

பின்குறிப்பு: சம்பந்தி, மேலே இருக்கிற எதையும் படிக்க வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டோமே என்றுதான் அனுப்புகிறேன். கவரை ஒட்டும்போது சின்னத்தாயி அம்மா போன் செய்தார்கள். "என்னங்கண்ணே, பதிலே காணோம்? எங்க பயலுக்குப் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது. அதனால பொண்ணு வேணாம்னுட்டாளோன்னு இவரு சோறு எறங்காமக் கெடக்காரு" என்றார்கள். உடனே ஷர்மிளாவிடம், தம்பியைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "அன்னைக்கு நான் கேக்காமலே, நட்டு விழுந்த எடத்துக்குச் சரியா செல்போன் லைட்டப் பிடிச்சாருப்பா. நீங்க ஒருநாளாச்சும் அப்படிப் பிடிச்சிருக்கீங்களா?" என்கிறாள். வெரசா ஒரு நல்ல நாள் பாருங்கள்.