செரீன் என்றால் அலையில்லாத ஏரி

ஆறாவது மெத்தையிலும் குறட்டை கிளம்பியபோதுதான் முதலாளி கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“யோவ் அகராதி! இது மெத்தைக் கடையா, ராத்திரி ரயிலா?”

அகராதி என்பது விற்பனையாளருக்குக் கடையில் வைத்த பெயர். வைக்கக் காரணமே முதலாளிதான். மாதத் தொடக்கத்தில் கெடு விதித்திருந்தார்.

“வர்றவங்க எல்லாம் நெட்டுல இங்கிலீஷ்ல படிச்சிட்டு வர்றாங்க. நீ என்னடான்னா ‘மெத்துன்னு இருக்கும் சார்’ங்கிற. வர்ணிக்கிற மாதிரி நாலு வார்த்தை கத்துக்கய்யா. மாசக் கடைசிக்குள்ள ஒரு மெத்தையாவது போகல, உன் இடத்துல என் மச்சினன்.”

அன்றிலிருந்து மச்சினன் வாசலில் தலை சீவிக்கொண்டு காத்திருக்கிறான்.

அகராதியும் சளைக்கவில்லை. தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தையை உள்ளங்கையில் எழுதி, பேருந்திலேயே உருப்போட்டார். மத்தியானம் ஆனால் கூட்டம் அள்ளியது. நேற்று வந்தவரே இன்றும் வந்து, “முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படுத்துப் பார்த்துடறேனே” என்றார். மெத்தை வியாபாரத்தில் ஆளைப் படுக்க வைப்பது பாதி வெற்றி, எழுப்புவதுதான் மீதி. அந்த மீதி அகராதிக்குக் கைகூடவில்லை. இன்றோ மாதக் கடைசி.

“எழுப்புய்யா!”

முதல் மெத்தையில் கிடந்தவரைத் தட்டினால் கோபித்துக்கொள்வாரே என்று அகராதி நயமாகக் குனிந்தார். “சார், இது செரீன் மெத்தை. செரீன்னா... அலையே இல்லாத ஏரி சார். நடுவுல ஒரு படகு. துடுப்புகூடப் போடல...”

படுத்திருந்தவர் புரண்டு, ஏரியின் ஆழமான பக்கத்துக்குப் போனார்.

“சுறுசுறுப்பா ஏதாவது சொல்லித் தொலையேன்!”

“பாயன்ட் சார், அப்படியே மிதக்கும்! வைப்ரன்ட்! வெயில்ல வண்ணத்துப்பூச்சி றெக்கை துடிக்குது பாருங்க... ஒண்ணு... அதோ இன்னொண்ணு...”

திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கியது. பிற்பகல் வெளிச்சம் வெள்ளை விரிப்புகளின் மேல் பாலாகப் படர, கடையே தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி மிதப்பது போலிருந்தது. படுத்துப் பார்க்க வரிசையில் நின்ற ஒரு தையற்காரர் சுவரோடு சாய்ந்தார். மச்சினன் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

முதலாளியின் குரலும் குழைந்தது. “போதும்யா... அந்தப் படகு கரைக்கு வந்துச்சா?”

“இல்ல முதலாளி. ட்ரான்குவிலா, அமைதியா போயிட்டிருக்கு.”

“அவசரமில்ல... மெதுவா வரட்டும்...” என்று நாற்காலியில் சரிந்தவர், திடுக்கிட்டு மேசை மணியை ஓங்கி அடித்தார்.

ஆறு பேரும் எழுந்தார்கள். குளித்துவிட்டு வந்தவர்கள் போல முகத்தில் அப்படியொரு தெளிவு. அகராதி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். அவர்களோ செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

“ஒரு ஆளுகூட விலை கேக்கலையே!” முதலாளி கொதித்தார். “போய் உன் பையை எடுத்துக்கய்யா. நாளையிலேர்ந்து மச்சினன்.”

அகராதி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா, நீங்களாவது ஒரு மெத்தை எடுத்துக்கக் கூடாதா?” என்று கடைசியாகப் போன அம்மாவை முதலாளி மறித்தார்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

“டாக்டர் இதுல மெத்தைன்னு ஒண்ணும் எழுதலீங்களே... ‘மெத்தைக் கடைக்காரர் பேச்சு, தினம் அரை மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின்’னுதான் போட்டிருக்காரு.”