வாய்தா மாமாவும் நான் விழுங்கிய வரியும்

நீதிமன்றம் என்று ஒன்று இல்லாவிட்டால் வாய்தா மாமா பிறந்திருக்கவே மாட்டார். பிறந்திருந்தாலும், யாரைக் கேட்டுப் பெற்றீர்கள் என்று பெற்றவர்கள் மேல் ஒரு மனுப் போட்டிருப்பார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து ஆண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், அவர் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸுக்குக் கிளம்புவார். கேட்டால், "இன்னிக்கு வாய்தா" என்பார். பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்டுக் கூவியதற்கு ஒரு வழக்கு. அவருடைய கல்யாணப் பந்தல் மழையில் ஒழுகியதற்கு ஒரு வழக்கு. அந்தப் பந்தலில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த அத்தைக்குப் பேரனே பிறந்துவிட்டான். வழக்கு இன்னும் நடக்கிறது.

அப்பேர்ப்பட்டவரின் பெயரைத்தான் நான் விழுங்கினேன்.

ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பதை நாங்கள் பாடு என்போம். சீட்டுக் குலுக்கி, விழுந்த வரிசையை எழுதி, கோவில் முன்னால் உரக்கப் படிப்பார்கள். படித்ததுதான் தீர்ப்பு. ஒரு வருஷம், வழக்கமாகப் படிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அப்போது ஆறாம் வகுப்பு. நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் பொண்ணு படிப்பா" என்று என்னை முன்னால் தள்ளினார்.

படித்தேன். கணீரென்று படித்தேன். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன்.

"எம் பேரு இன்னா ஆச்சு?" என்று எழுந்தார் வாய்தா மாமா.

"படிச்சது படிச்சதுதான். உனக்கு அடுத்த சுத்துதான்" என்றார் ஊர்த் தலைவர்.

"சதி! கோர்ட்டுல பாத்துக்கறேன். ஏ பொண்ணு, யாரு சொல்லி இத்த செஞ்ச?" என்று அங்கேயே குறுக்கு விசாரணை ஆரம்பித்தார்.

வீட்டில் நைனாவின் தீர்ப்பு இன்னும் வேகமாக வந்தது. "ஊரே சிரிக்குது. இத்தினி வருசம் போயும் நாலு வரி ஒயுங்கா படிக்கத் தெர்ல. இந்தப் பரீட்சையோட போதும். இறால் உரிக்கப் போவட்டும்."

பள்ளிக்கூடத்திலும் என்னைப் பற்றி இதே உயர்ந்த அபிப்பிராயம்தான்: சோம்பேறி, கவனமில்லாதவள். ஒரே வரியை இரண்டு தரம் படிப்பேன். இல்லாவிட்டால் ஒரு வரியைத் தாண்டிக் குதிப்பேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எல்லாருக்கும் அப்படித்தான், மற்றவர்கள் பொறுமைசாலிகள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மாமா புலன்விசாரணைக்கு வந்தார். சதியை நிரூபிக்க வேண்டுமே! கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார், மாப்பிள்ளையை விட்டுவிட்டேன். கட்சி நோட்டீஸைக் கொடுத்தார். கட்சித் தலைவரையே விட்டுவிட்டேன். கடைசியாகத் தானே பத்துப் பெயர்களை எழுதி, நடுவில் நைனா பெயரை வைத்துக் கொடுத்தார். நைனாவும் போனார்.

"இதுல சதி இல்லியே மச்சான்" என்றார் மாமா, நல்ல வழக்கு ஒன்று கைநழுவிய துக்கத்தோடு. "பெத்த அப்பனையே முயுங்குறா. இது வேற இன்னாவோ."

"அதான் பள்ளிக்கூடத்த நிறுத்தப் போறேன்னு சொல்றனே."

"எப்டி நிறுத்துவ? சதி இல்லன்னா என் பாடு திரும்பி வந்துடுமா? கேஸு கேஸுதான். அது முடியற வரைக்கும் சாட்சிப் பொருள இடம் மாத்தக் கூடாது. ஸ்டே!"

"நான் பெத்த பொண்ணுக்கு நீ இன்னா ஸ்டே குடுக்கறது?"

"அப்போ பொன்னேரிக்கு வா, பேசிக்கலாம்."

நைனா புயலுக்கே அஞ்சாதவர். பொன்னேரிக்கு மட்டும் பயம்.

மாமா எங்கள் இருவரையும் சென்னைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். பலகையில் இருந்த பொடி எழுத்துவரை நான் படித்துவிட்டேன். "பாருங்க, நடிக்கிறா!" என்று மாமா குதித்தார். டாக்டரம்மா அவரை உட்காரவைத்துவிட்டு, ஒரு பேனாவை என் முகத்தெதிரே மெல்ல நகர்த்தினார்.

"பார்வை நல்லா இருக்கு. ரெண்டு கண்ணும் சேர்ந்து நகர்றதுலதான் தகராறு. வரி முடிஞ்சு அடுத்த வரிக்குப் போறப்போ வேற எங்கியோ போய் இறங்குது. இது சோம்பேறித்தனம் இல்ல. பயிற்சி செஞ்சா தேறிடுவா."

"இத்த எழுத்துல குடுங்கம்மா" என்றார் மாமா.

பென்சிலை மூக்கு நுனிவரை கொண்டுவந்து, அது இரண்டாகத் தெரியாமல் பார்க்க வேண்டும். வரிக்கு அடியில் அட்டை வைத்துப் படிக்க வேண்டும். மேற்பார்வை மாமாவேதான். எதிரில் உட்கார்ந்து, "இடது கண்ணு ஆஜராவல!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். அட்டை வைத்துப் படிக்கக் கூடாது என்று சொன்ன டீச்சருக்கு ஒரு நோட்டீஸ் போனது. அப்புறம் நான் வகுப்பில் துடுப்பையே வைத்துப் படித்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

மாதக்கணக்கில் ஆனது. வரிகள் மெல்ல மெல்ல அடங்கி உட்கார்ந்தன. பிளஸ் டூ தேறினேன்.

"இப்பவாவது கேஸ வாபஸ் வாங்கு மச்சான். நல்ல எடத்துலேந்து மாப்ள வந்துகீது" என்றார் நைனா.

"மேல்முறையீடு கீது. அவ காலேஜு முடிக்கட்டும்."

பொன்னேரியில் கல்லூரி. தினமும் அதே பஸ்ஸில் மாமா, மடியில் மஞ்சள் பை. தனியாகப் பஸ் ஏறும் பெண்ணைப் பற்றிப் பேச வாயெடுத்த ஊர், நோட்டீஸுக்குப் பயந்து மூடிக்கொண்டது. கடைசி வருஷப் பரீட்சை மே மாதத்தில் வந்தது. நான் கல்லூரிக்குள் நுழையும்வரை வாசலில் நின்றார். பிறகு, "வாய்தாவுக்கு நேரமாச்சு" என்று வேகமாக நடந்தார்.

அன்று திரும்பும்போது கோர்ட் வாசலைக் கடந்தேன். கேட்டில் பூட்டு. பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். கோடை விடுமுறை, மாதம் முழுக்க.

மறுநாள் காலை முதல் ஆளாகப் பஸ் ஏறி, என் துப்பட்டாவைப் போட்டு மாமாவுக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைத்தேன்.