மூன்று இயங்குதளமும் ஒரு கப்பல் பட்டியலும்

எனக்குக் கணினி தெரியும் என்று நான் நம்பிய காலம் மொத்தம் பதினொரு மாதம். அதற்குப் பிறகும் இன்றுவரை பிழைப்பு கணினியோடுதான். ஆனால் அந்த நம்பிக்கை மட்டும் திரும்பி வரவில்லை.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே போக வேண்டிய சனம் எல்லாம் திருகோணமலைக்கு வந்து, பெயரைப் பதிந்துவிட்டுக் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும். சிலர் கிழமைக்கணக்காக, சிலர் மாதக்கணக்காக. உட்துறைமுகம் தெரியும்படி ஒரு வீதியில் இருந்த சின்ன நலன்புரிச் சங்கம் ஒன்று அவர்களுக்குப் படிவம் நிரப்பி, பட்டியல் அடித்து மாவட்ட அரச செயலகமான கச்சேரிக்குக் கொடுத்து வந்தது. அந்தச் சங்கத்துக்கு ஒரு கொம்பியூட்டர். அந்தக் கொம்பியூட்டருக்கு நான். வயது இருபத்திமூன்று.

சங்கத்துச் செயலாளர் குணரத்தினம் சேர், இளைப்பாறிய தபாலதிபர். என்னைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வருகிறவர்களிடம், "இந்தத் தம்பிக்கு கொம்பியூட்டரின்ர உள்வீடெல்லாம் தெரியும்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். (அடக்கம் இல்லை. அப்படிக் குனிந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லுவார்.)

அந்த இயந்திரத்தில் ஏற்கெனவே இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பழைய தமிழ் எழுத்துருவில் கடிதம் அடிக்க விண்டோஸ் 98. பட்டியல் அடிக்க விண்டோஸ் எக்ஸ்பி. இரண்டும் ஒரே வன்தட்டில் தனித்தனி அறைகளில் சமாதானமாக இருந்தன. திருகோணமலையில் அந்த நேரம் அப்படிச் சமாதானமாக இருந்த இரண்டு தரப்பு அவை மட்டும்தான். அதற்குள் மூன்றாவதைக் கொண்டுபோய்ச் செருகியவன் நான்.

ஒரு சஞ்சிகையோடு லினக்ஸ் சீடி ஒன்று இலவசமாக வந்தது. அதை வீட்டிலிருந்து, பாலையூற்றிலிருந்து, சைக்கிளில் கொண்டுவரும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எடுத்துப் பார்த்தார். உறையில் பென்குயின் படம். "மே மொனவாத?" என்றார், இது என்ன என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இயங்குதளம் என்ற சொல் இல்லை. "குருல்லா" என்றேன், பறவை என்று. சிரித்துவிட்டுத் தந்தார். அன்று அவர் பறித்து வைத்திருந்தால் அவருக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருந்திருப்பேன்.

சங்கத்துக்கு லினக்ஸ் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. "ஒரு மிசினில மூண்டு சிஸ்டம் வைச்சிருக்கிறன்" என்று கிண்ணியாவில் இருக்கும் என் நண்பன் நஸீரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் காரணம். போட்டேன். சொன்னேன். அவன், "சரி மச்சான், பூட்லோடரில கவனமா இரு" என்றான். கணினியைப் போட்டதும் எந்த இயங்குதளத்தை எழுப்ப வேண்டும் என்று கேட்கிற சின்ன நிரல்தான் பூட்லோடர். லினக்ஸ் வரும்போது தன்னுடைய பூட்லோடரைக் கொண்டுவந்து பழையதின் இடத்தில் வைத்துவிட்டது. அந்தப் புதியதின் பாதி உடம்பு லினக்ஸின் அறைக்குள்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. பொறாமையில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் அறிவித்தல் வந்தது. கப்பல் வருகிறது, பட்டியலைப் புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு முன்னர் கொடுக்க வேண்டும். செவ்வாய் பின்னேரத்துக்குள் முழுவதையும் அடித்து முடித்தேன். நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் மேல் பெயர், அகர வரிசையில், அடையாள அட்டை இலக்கம், விலாசம், ஆணா பெண்ணா, பயணக் காரணம் எல்லாம் கட்டம் கட்டமாக. ஒரு பிரதியை ஃபிளொப்பியிலும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். காலையில் அச்செடுத்தால் வேலை முடிந்தது.

புதன் காலை எட்டரைக்கு நான் போனபோது குணரத்தினம் சேர் கொம்பியூட்டருக்கு முன்னால் முகம் வெளிறிப்போய் இருந்தார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் தானே போட்டிருக்கிறார். பூட்லோடர் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. பத்து விநாடி பார்த்துவிட்டு அது லினக்ஸை எழுப்பிவிட்டது.

"தம்பி, உதுக்குள்ள ஒரு பறவை நிக்குது. பட்டியலைக் காணேல்லை."

"பட்டியல் மற்றப் பக்கம் இருக்கு சேர். பயப்பிடாதேங்கோ."

"எனக்கு விளக்கம் வேண்டாம். பறவையை எடுத்துவிடுங்கோ."

எக்ஸ்பிக்குள் போனேன். பட்டியல் பத்திரமாக இருந்தது. அந்த இடத்தில் மூளையுள்ள மனிதன் முதலில் அச்செடுப்பான். நான் சேரின் கட்டளையை எவ்வளவு விரைவாக நிறைவேற்றுகிறேன் என்று காட்டுவதில் குறியாக இருந்தேன். வன்தட்டில் லினக்ஸ் இருந்த அறையைத் தெரிவு செய்து அழித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "பறவை போச்சு சேர், பாருங்கோ" என்று, அது இல்லை என்பதை நிரூபிக்க இயந்திரத்தை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரு வரி. எரர் 22.

திரும்ப நிற்பாட்டிப் போட்டேன். எரர் 22. வயரைக் கழற்றிக் கொழுவினேன். எரர் 22. பெட்டியின் பக்கத்தில் மெல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன். (அதைத்தான் "உள்வீடெல்லாம் தெரியும்" என்று சேர் சொல்லிக்கொண்டிருந்தார்.)

"உது என்ன சொல்லுது?" என்றார் சேர்.

"அப்பிடி ஒரு இடம் இல்லை எண்டு சொல்லுது."

"எந்த இடம்?"

"நான் இப்ப அழிச்ச இடம்."

அதற்குள் வெளியே விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள், தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. காலையில் எங்கேயோ தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டிருந்ததால் கடைகள் திறக்கவில்லை. பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்த கொமியூனிகேசன்காரர் மட்டும் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருந்தார். அவரிடம் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஃபிளொப்பி ஒன்றில் 98ஐ எழுப்பும் தட்டுத் தயாரித்து, அதைக் கொண்டு பூட்லோடரைச் சரிசெய்யலாம் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். ஃபிளொப்பி வாங்கக் கடை இல்லை. லாச்சியைத் திறந்தேன். ஒன்று இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்று விளங்கவில்லை. 'பட்டியல் எப்படியும் மிசினுக்குள்ள கிடக்குதுதானே' என்று நினைத்தேன். கொமியூனிகேசன்காரரின் கொம்பியூட்டர் என்னிடம் மரியாதையாகக் கேட்டது, இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று. சம்மதம் என்றேன்.

திரும்பி வந்து அந்தத் தட்டைப் போட்டு, தெரிந்த இரண்டு கட்டளைகளையும் அடித்தேன். எரர் 22 மறைந்தது. விண்டோஸ் 98 எழும்பியது. சேர் கைதட்டினார். விறாந்தையில் நின்றவர்களும், ஏன் என்று தெரியாமலே, ஆறுதலாகச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். அரை நிமிடம் நீடித்தது.

எக்ஸ்பியைக் காணவில்லை. அதைக் கேட்கிற திரையே வரவில்லை. பட்டியல் இருந்த அறையும் இல்லை. 98க்கு அந்த அறையை வாசிக்கத் தெரியாது, ஆகவே அதைப் பொறுத்தவரை அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது.

கொமியூனிகேசனுக்கு ஓடி நஸீருக்குப் போன் எடுத்தேன். அவன் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணி வீட்டில். நடந்ததைச் சொன்னேன்.

"பதறாத மச்சான். எக்ஸ்பி சீடி எங்கிட்ட இருக்கு. அஞ்சு நிமிச வேல."

"கொண்டு வா."

"எப்பிடி வாற? பாதை ஓடல்ல." பாதை என்றால் கிண்ணியாவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் படகு. வெடிச் சத்தத்தோடு அதையும் நிற்பாட்டியிருந்தார்கள். "நீ ஒண்டும் செய்யாம இரு. ஃபிளொப்பியப் போட்டு சிஸ் கட்டளைய மட்டும் அடிச்சிராத. அடிச்சா எக்ஸ்பிர வாசலும் போயிரும்."

"அடிச்சிட்டன்."

"சரி. பட்டியலுக்குக் கொப்பி எடுத்து வெச்சிருப்பாய்தானே, ஃபிளொப்பில?"

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. என் கையில் இருந்தது எந்த ஃபிளொப்பி என்பதும், அதில் நேற்று என்ன இருந்தது என்பதும். கதிரை இல்லாததால் நிலத்திலேயே இருந்துவிட்டேன். கொமியூனிகேசன்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

மணி பதினொன்றரை. சேர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அலுமாரியைத் திறந்து படிவக் கட்டுகளைத் தூக்கி மேசையில் வைத்தார். "கையால எழுதுவம்" என்றார். அவர் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்ததால் சின்ன எழுத்து வாசிக்க ஏலாது. நான் எழுத, யாராவது வாசிக்க வேண்டும்.

விறாந்தையிலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தார். "நான் வாசிக்கிறன். நீங்கள் எழுதுங்கோ."

வதனி. கொழும்பில் படிப்பிக்கிற ரீச்சர். யாழ்ப்பாணத்தில் தமையனுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் தங்கை என்றபடியால், தாலி கட்டும்போது மணமகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய தோழி அவர்தான். கூறைச் சேலையைக் கொழும்பில் எடுத்துக்கொண்டு வந்து பதினெட்டு நாளாகத் திருகோணமலையில் நிற்கிறார். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். இந்தக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை.

வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் கோடு போட்டு எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் விரல்கள் மரத்துவிட்டன. ஒரே விலாசம், ஒரே காரணம் வரும் இடங்களில் முழுதாக எழுதாமல் கீழே இரண்டு சின்னக் கோடு போடத் தொடங்கினேன். மேலே உள்ளதே இதற்கும் என்று அர்த்தம். கடைசித் தாளில் ஒன்பது பேர் வரிசையாக ஆண்கள். ஆண் என்று ஒருதரம் எழுதிவிட்டுக் கோடு, கோடு, கோடு.

"கடைசி என்ர" என்றார் வதனி. குரல் கம்மிப் போயிருந்தது. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மட்டும் சொன்னார். "மிச்சம் உங்களுக்குத் தெரியுந்தானே."

"ஓம், தெரியும்" என்றேன். கோடு போட்டேன்.

ஒன்றே முக்காலுக்குச் சேர் தாள்களோடு சைக்கிளில் கச்சேரிக்குப் பறந்தார். பட்டியல் போய்ச் சேர்ந்தது. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டதாக ஞாபகம்.

கப்பல் புறப்படும் நாள் காலையில் சங்க ஆட்களாக நானும் சேரும் இறங்குதுறை வாசலில் நின்றோம். அதிகாரி ஒருவர் பட்டியலையும் அடையாள அட்டையையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு உள்ளே விட்டார். கடைசியாக வதனி. அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பட்டியலில் ஆண் என்று இருக்கிறது, ஏறுவது பெண். அந்த நாட்களில் அது சின்ன விஷயம் இல்லை. சேர் கெஞ்சினார். நான் என் பிழை, என் பிழை என்று மூன்று மொழியிலும் சொன்னேன். அதிகாரி கத்தவில்லை, பட்டியலைத் தட்டிக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினார்.

வதனி அழவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவைக் கூப்பிட்டு, கூறைச் சேலை இருந்த பையை அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு ஏறினார். கூறை கலியாணத்துக்குப் போனது. தோழி வாசலில் நின்றார். கப்பல் துறைமுகத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். கிட்டப் போகவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அவ்வளவு வெறுப்பாக நான் என்னை அதற்கு முன்னர் நினைத்ததில்லை.

கடைசியில் அவர் திரும்பி, "உங்களை அந்தக் கோடு போடச் சொன்னது ஆர்?" என்று கேட்டார்.

பட்டியல் கொடுத்த புதனிலிருந்து நான்காம் நாள் பாதை ஓடத் தொடங்க, நஸீர் சீடியோடு வந்தான். அவன் சொன்னபடி ஐந்து நிமிடம். எக்ஸ்பி எழும்பியது. பட்டியலும் இருந்தது, ஓர் எழுத்துக்கூடக் கலையாமல். அடுத்த கப்பலுக்குப் பதிய வந்திருந்த வதனி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருடைய தமையனுக்கு அடுத்த நாள் கலியாணம்.

"இதில நான் பொம்பிளை" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த கப்பல் வர மூன்று கிழமை ஆனது. தினமும் காலையில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்க் கப்பல் செய்தி சொல்வதை நான் எனக்கே தண்டனையாக விதித்துக்கொண்டேன். செய்தி இல்லாத நாட்களிலும் போய், செய்தி இல்லை என்று சொன்னேன். முதல் கிழமை வாசல் படலையோடு அனுப்பினார். இரண்டாம் கிழமை தேத்தண்ணி கிடைத்தது. மூன்றாம் கிழமை, கப்பல் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் போன பிறகு கடிதம் எழுதினேன். பதில் வந்தது. என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி.

எங்கள் கலியாணம் நடந்தது. யுத்தம் முடிந்து தரைப்பாதையும் திறந்த பிறகு திருகோணமலையில் மகள் பிறந்தாள். பிறப்புப் பதிவுக்கு நான் சட்டை மாற்றிக்கொண்டு வெளிக்கிட, யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளை பார்க்க வந்திருந்த மச்சானிடம், அதாவது தோழி இல்லாமல் தாலி கட்டிய அந்தத் தமையனிடம், வதனி கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "அண்ணா, நீங்கள் கூடப் போங்கோ. இவரைப் பேனையைத் தொட விடாதேங்கோ."

பதிவாளர் படிவத்தை என்னிடம் நீட்டினார். மச்சான் வாங்கினார். "தகப்பன் பக்கத்தில இருக்க நீங்கள் ஏன் நிரப்புறியள்?" என்று பதிவாளர் கேட்டார். மச்சான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, பறவையிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவித்தலை இரண்டுதரம் வாசித்தேன்.

பதிவாளர் படிவத்தை மச்சானிடமிருந்து வாங்கித் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"பெண் எண்டுதான் போட்டிருக்கிறன், தம்பி. வீட்டில போய்ச் சொல்லுங்கோ."