மாமனாரைக் கோட்டைக்கு ஏற்றிய கதை

எனக்கு வாய் அதிகம். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சங்ககிரியில் புது வாத்தியார். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் பாவாயியைப் பார்த்த நாளிலிருந்து, வேறு பெண் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை. ஒரு சித்திரையில் அவள் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் பெண் கொடுக்கச் சம்மதம் என்று பொருள்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, என் படிப்பைக் காட்டலாம் என்று பாவாயியின் அப்பாவை மட்டும் மலைமேல் இடிந்து கிடக்கும் கோட்டைக்கு அழைத்துப் போனேன். (நேரம், உச்சி வெயில். புத்தி, அதைவிடக் காய்ந்தது.) கோட்டைக்குப் பத்து வாசல். ஒவ்வொரு வாசலிலும் நின்று, யார் கட்டினார், யார் பிடித்தார், வெள்ளைக்காரன் எப்படி நுழைந்தான் என்று அளந்தேன். பாதி படித்தது, மீதி கைச்சரக்கு.

ஆறாம் வாசலில், "முற்றுகை போட்டவங்க சுனையை அடைச்சுப்போட்டாங்க. உள்ளே இருந்தவங்க நாக்கு வறண்டே சரணடைஞ்சாங்க" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் என் தோளில் தொங்கிய தண்ணீர்ச் சுரைக்குடுவைமேல் இருந்தது.

எனக்கு உயிரே போயிற்று. குடியுங்கள் என்றால், பெண்ணைக் கொடு என்று கழுத்தைப் பிடிப்பதாகும். சும்மா இருந்தால் மனிதர் சாய்ந்துவிடுவார். பாவாயி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று குடுவையை நீட்டினேன்.

"குடிச்சுப்போடுங்க. இதைச் சம்மதம்னு நான் எடுத்துக்க மாட்டேனுங்க. ஊட்ல யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன்" என்றேன், அழாத குறையாக.

அவர் குடுவையை வெடுக்கென்று வாங்கினார். மடமடவென்று குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"வாயை மூடிக்கிட்டு எறங்குங்க, மாப்ள."

இறங்கும்போது அவர் விழுந்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் சந்தோஷத்தில் படி தவறியது நான்தான்.

வருஷம் எத்தனையோ ஆயிற்று. இன்றும் விருந்தாளி யாரிடமாவது நான் பழைய சரித்திரம் என்று வாயெடுத்தால், பாவாயி உடனே அவர் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிடுகிறாள்.

"குடிச்சுக்குங்க சாமி. எங்கப்பன் ஆறு வாசலோட தப்பிச்சுட்டாரு. இவருக்கு இன்னும் நாலு வாசல் பாக்கி இருக்குதுங்க."