கொசு அண்ணே சொன்ன ஒரே வார்த்தை

லூமுட் பக்கத்துத் தோட்டங்களில் கொசு அண்ணேவுக்கு ரத்தம் கொடுக்காத தமிழன் ஒருவன்கூடக் கிடையாது. அவருடைய மாமியாரே தப்பவில்லை.

ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. யானைக்கால் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவ வரும் என்பதால் அவரும் ராத்திரியில்தான் வருவார். விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, "போய்த் தூங்குலா" என்று ஓர் ஆசீர்வாதம். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சொட்டில் இருந்த சிக்கனம் பேச்சிலும் இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்தவர்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதும் கிராணி. செமோரில் லலிதாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். லீவில் தோட்டத்துக்குப் போனவன் சும்மா இருக்காமல் விரலை நீட்டினேன். புழு இருந்தது.

"அண்ணே, காலு வீங்கிடுமா?"

"மாத்திரை தின்னு."

"கல்யாணம்?"

"தின்னுட்டுப் பண்ணு."

மாத்திரை தின்றதும் காய்ச்சல் தூக்கிப் போட்டது. "புழு சாவுதுன்னு அர்த்தம். சந்தோஷமா நடுங்கு" என்றார். நடுங்கினேன். சந்தோஷம்தான் வரவில்லை.

அடுத்த சோதனையில் கண்ணாடியில் புழுவைக் காணோம். நான் குதித்தேன். அவர் குதிக்கவில்லை.

"காணோம்னா இல்லன்னு ஆயிடுமா? ஒளிஞ்சிருந்தா?"

அப்போது கோலாலம்பூரில் புதிதாக ஒரு டெஸ்ட்டைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். புழு கண்ணில் படாவிட்டாலும், அதன் மரபணு ரத்தத்தில் துளி இருந்தால் பிடித்துவிடுமாம். கொசு அண்ணே யார் யாரையோ கெஞ்சி என் ரத்தத்தையும் அதில் சேர்த்துவிட்டார். ஓர் ஆளிடம் அவர் முழு வாக்கியமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று கேள்வி.

முடிவு வர வாரக்கணக்காயிற்று. நான் கடையிலிருந்த அளவு நாடாவால் தினமும் கால்களை அளந்தேன். இடதைவிட வலது அரை அங்குலம் பெரிது! கடை முதலாளி தவுக்கே சிரித்துவிட்டுத் தன் காலை அளந்தார். அவருக்கும் அரை அங்குலம். அன்றிலிருந்து இரண்டு பேராக அளந்தோம்.

ஒருநாள் ஈப்போ பஸ் ஸ்டேஷனில், புறப்பட்டுவிட்ட லூமுட் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது. கொசு அண்ணே!

"தம்பி! ரிசல்ட் வந்துருச்சு! அபிஸ்லா!"

பஸ் போய்விட்டது. எங்கள் ஊரில் கடையில் மீ கோரேங் தீர்ந்தாலும் அபிஸ்தான், ஆள் தீர்ந்தாலும் அபிஸ்தான். நான் மீ கோரேங் இல்லை. ஆகவே ஆள்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்று நேரே செமோருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பிரிவுரை தயாரித்தேன். பிரமாதமாக வந்தது. இரண்டு இடத்தில் எனக்கே அழுகை வந்தது.

லலிதாவின் அப்பா, "வாங்க மாப்ள, தே தண்ணி குடிங்க" என்றார். குடிக்காமல் உரையைத் தொடங்கினேன். லலிதா கதவருகே நின்று முழுதும் கேட்டாள்.

"அவரு என்னதான் சொன்னாரு?"

"அபிஸ்னாரு."

"யாரு அபிஸ்? நீங்களா, புழுவா?"

நான் தே தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

மறுநாள் மூன்று பேருமாக லேப்புக்குப் போய் நின்றோம். கொசு அண்ணே என்னைப் பார்த்தார், லலிதாவைப் பார்த்தார். "புழு அபிஸ்லா. சுத்தமா இல்ல. நீ எதுக்குடா அபிஸாவணும்?" என்றவர், லலிதாவிடம் திரும்பி, "பாசிட்டிவ்" என்றார்.

கல்யாணத்துக்கு வந்திருந்தார். காலில் விழுந்து எழுந்த என்னை நிறுத்தி, குனிந்து, என் இரண்டு கணுக்காலையும் விரலால் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் அட்சதை போட்டார். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் விரலைக் கேட்டு வந்தார். ரிட்டையரான பிறகும், ஊசி இல்லாமல், சும்மா.

இப்போதும் காதருகே கொசு பாடினால் கை தானாக ஓங்கிவிடுகிறது. ஆனால் அடிப்பதற்கு முன்னால், "வாங்கண்ணே" என்று வாய் ஒரு தடவை சொல்லிவிடுகிறது.